கடைத்தெரு லயம்

பதுளைக்கு முகம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியவந்தது, தெமோதரைக்கு அப்பால் மலையைக் குடைந்து இரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான். அதுவரை நாங்கள் முகமில்லாத ஊரில் அரிசி விற்று, பிள்ளை பெற்று, தேர் இழுத்து, ஒரு குறையும் தெரியாமல் வாழ்ந்துவிட்டோம். அறியாமைதான், வேறென்ன? இரயிலில் வந்து இறங்கப்போகும் பெரிய மனிதர்கள் ஊரைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட ஒரு ஆள் வேண்டாமா? ஆள் போதாது என்று ஒரு சபையே அமைத்தார்கள். அதற்கு நகரமுகச் சபை என்று பெயர்.

சபைத் தலைவர் பெம்பர்டன் துரை. ஊரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பாதி அவருடையது. தொடக்கக் கூட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் சிவஞானம் அதைக் கணீரென்று தமிழில் சொன்னார்.

"இந்த ஊர் வழியாக நான் இருபது வருடமாகக் குதிரையில் போகிறேன். ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. நின்று பார்க்க இங்கே ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?"

நாங்கள் கை தட்டினோம். துரை பேசி முடித்தால் கை தட்ட வேண்டும் என்பது மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

சபை செய்யப்போவது சட்டம் அல்ல, வழிகாட்டி என்று அன்றைக்கே விளக்கிவிட்டார்கள். ஊர்க் கட்டடங்களின் தரத்தை உயர்த்துவதற்கான வழிகாட்டி. யாரையும் வற்புறுத்தாது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். கூடப் போகாதவர்களின் கடைக்கு அடுத்த வருடம் அனுமதி கிடைக்காது, அவ்வளவுதான். சட்டம் என்றால் மீறிவிட்டுத் தண்டம் கட்டலாம், கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீல் வைக்கலாம். வழிகாட்டியை மீறுவதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கடைத்தெருவின் கீழ்க்கோடியில் அழகையாவுக்கு ஒரு கடை இருந்தது. அரிசி, மிளகாய், கருவாடு, குளிருக்குப் போர்த்துகிற கம்பளி. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் மலையிறங்கி வந்து அவரிடம் சாமான் வாங்கிப் போவார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. அழகையா அதிசயமான மனிதர் ஒன்றுமில்லை. அதிகம் பேசமாட்டார், அதிகம் ஏமாற்றவும் மாட்டார். அவருக்கு இருந்த ஒரே பெருமை ஒரு சுவர்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவர் மனைவி இராக்கம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவள். வெளியூர்க்காரர் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் லயம் என்றால் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். நீளமாக ஒரே தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள் என்கிற சின்ன அறைகள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். காம்பராக்களுக்கு நடுவே சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது, பாதியில் நின்றுவிடும். அதற்கு மேலே புகை, இருமல், அழுகை எல்லாம் எல்லாருக்கும் பொது. இராக்கம்மாவின் தாயும் தகப்பனும் அவள் அறிய ஒரு நாளும் வாய்விட்டுச் சண்டை போட்டதில்லை. அன்பு மிகுதி என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்குமே என்ற கூச்சம். கடைசிப் பிள்ளையைப் பெற்றபோதுகூட அந்தத் தாய் முந்தானையைக் கடித்துக்கொண்டுதான் பெற்றாளாம். சத்தம் வரவில்லை, உயிர் போய்விட்டது.

அழகையா பெண் பார்க்கப் போனபோது இராக்கம்மா தலையைக் குனிந்தபடி கேட்டது ஒரே கேள்வி.

"ஒங்க வீட்டுச் செவரு கூரை வரைக்கும் போகுதாங்க?"

அப்போது அவருக்கு வீடே கிடையாது. பலகை அடித்த ஒரு வாடகைக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் "போகுது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பொய்யை உண்மையாக்க அவருக்குப் பல வருடம் பிடித்தது. கருங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, ஒரு முழத்துக்குக் குறையாத அகலத்தில் சுவர் எழுப்பி, கூரையோடு சேர்த்துப் பூசினார். பூச்சு காய்ந்த அன்று இராக்கம்மா அவரைப் பக்கத்துக் கடைக்குப் போய் நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே இருந்து தன் தொண்டை கொண்ட மட்டும் கத்தினாள். திரும்பி வந்தவர், "ஒன்னுமே கேக்கல புள்ள" என்றார். அன்றைக்குத் தொடங்கினாள். சோறு குழைந்தால் சண்டை, அவர் நேரம் கழித்துச் சாப்பிட வந்தால் சண்டை, மழை பெய்தால்கூட அவரோடுதான் சண்டை. கடையில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது அழகையாவின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். எங்கள் ஊரில் அத்தனை சந்தோஷமான தம்பதியை நான் வேறு பார்த்ததில்லை.

இனி வழிகாட்டிக்கு வருவோம். அது முதலில் ஆங்கிலத்தில் வந்தது. கட்டடங்கள் அடக்கமாகவும் அதே சமயம் கம்பீரமாகவும், புதியனவாகவும் ஆனால் பழையன போலவும், ஒவ்வொன்றும் தனித்தன்மையோடும் எல்லாம் ஒன்றுபோலவும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததை ஆங்கிலம் தெரிந்த நாங்கள் நாலைந்து பேர் வாசித்தோம். அதனால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அது எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தியது, எதற்கும் பொருந்தவில்லை. தொந்தரவு தமிழில் வந்தபோதுதான் தொடங்கியது.

சிவஞானம் யாழ்ப்பாணத்தில் படித்தவர். சங்கீதம் தெரிந்தவர். கொச்சைச் சொல் ஒன்று காதில் விழுந்தால் பல்லில் கல் அகப்பட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பவர். ஆங்கிலத்தில், ஒரு கட்டடம் பக்கத்துக் கட்டடங்களோடு இசைந்து இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த இசைவுக்கு ஏற்ற சொல் தேடி அவர் பல நாள் யோசித்திருக்கிறார். கடைசியில் கிடைத்தது. அச்சாகி வந்த வழிகாட்டியைக் கடைத்தெருச் சந்தியில் ஒட்டியபோது அந்த வரி இப்படி இருந்தது:

"கடைகள் யாவும் ஒரே லயத்தில் அமைதல் வேண்டும்."

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்க வாசித்தார். அழகையாவின் பக்கத்துக் கடைக்காரர் முஹ்ஸினா உம்மா, கணவர் இறந்தபின் தம்பியை முன்னால் உட்கார வைத்துத் திரைக்குப் பின்னாலிருந்து துணிக்கடை நடத்துபவர். திரைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"அழகையா அண்ணன், என்ன போட்டிருக்காம்?"

"நம்ம எல்லாரையும் லயத்துல போடப்போறாங்களாம்மா."

"யா அல்லா! நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?"

அழகையா அதை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் இராக்கம்மா அன்று மாலையே கேட்டாள். யாரோ சாமான் வாங்க வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"நெசமாங்க?"

"நாளைக்கு ஆபீசுல போயி கேட்டுட்டு வாறேன் புள்ள. வெளங்காம எழுதியிருப்பாங்க."

"எனக்கு வேற ஒன்னும் வேணாங்க. அந்தச் செவத்த மட்டும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு வாங்க."

மறுநாள் சபை அலுவலகத்தில் சிவஞானம் அவரை நிற்க வைத்தே பேசினார். ஆனாலும் மரியாதையாகத்தான் பேசினார்.

"உமக்கு விளங்கேல்லை. லயம் எண்டால் இசைவு. தாளத்திலை வாற லயம். சுருதியும் லயமும் எண்டு கேள்விப்படேல்லையோ?"

"எனக்குத் தெரிஞ்ச லயத்துல காம்பராதாங்க இருக்கு."

"அது தோட்டத்துக் கொச்சை. லைன் எண்ட இங்கிலீசுச் சொல்லை வாங்கி உங்கட சனம் கெடுத்து வைச்சிருக்கு. அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அழகையாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. "அப்ப காம்பரா கெடையாதுங்களா? செவரெல்லாம் அப்படியே இருக்கலாங்களா?"

"தாராளமா இருக்கலாம்."

"அப்படின்னா அந்தச் சொல்ல மட்டும் மாத்திப் போட்டுருங்களேன் ஐயா. சனங்க பயந்துபோய்க் கெடக்குதுங்க."

சிவஞானத்தின் முகம் மாறியது. "அந்த ஒரு சொல்லாலைதான் தலைவர் என்னைப் பாராட்டினவர். முழுதும் வாசிச்சுக் காட்டின நேரம், லயம் எண்ட இடத்திலை கதிரையை விட்டு எழும்பிக் கை குடுத்தவர். அச்சான சொல்லை நான் மாத்த ஏலாது. வேணுமெண்டால் நீங்கள் ஒரு மனுக் கொடுங்கோ."

மனு ஒன்று எழுதினோம். எங்களைத் தயவுசெய்து லயத்தில் போட வேண்டாம் என்று கடைத்தெரு முழுவதும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தது. அது சபைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பதில் வரவில்லை. பதிலுக்கு ஒரு மாட்டுவண்டி வந்தது.

வண்டியின் ஒரு பக்கத்தில் இரயில் பெட்டியின் ஜன்னல் சட்டம் ஒன்றை ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். இரயில் இன்னும் வந்து சேரவில்லை அல்லவா? வந்த பிறகு பயணிக்கு ஊர்முகம் எப்படித் தெரியும் என்று இப்போதே பார்த்துவிடுவது நல்லது என்பது சபை என்ஜினியர் துரையின் யோசனை. உள்ளே கதிரை போட்டுத் தலைவர் உட்கார்ந்தார். என்ஜினியர் பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைத்தடியை நீட்டிப் பிடித்துக் கடைகளை அளந்தார். இரயில் நிலையம் கட்டுகிற இடம் ஊரின் மறுபக்கம். அங்கிருந்து கடைத்தெருவை எந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் தெரியாது. அது வழிகாட்டியில் இல்லாத விஷயம் என்பதால் யாரும் பேசவில்லை.

வண்டி அழகையாவின் கடைக்கு நேராக வந்தபோது மாடுகள் கருவாட்டு வாடைக்கு மிரண்டு துள்ளின. ஜன்னல் ஆடியது. தலைவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, என்ஜினியர் எழுதிக்கொண்டார். கடை நிலையாக நிற்கவில்லை, பார்ப்பவர் கண்முன் குதிக்கிறது என்று எழுதியதாகப் பிறகு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே இராக்கம்மா சண்டையைத் தொடங்கினாள். வாசல் கதவு திறந்திருந்ததால் தெருவுக்குக் கேட்டுவிட்டது. "இந்த வண்டியில வந்த எழவெடுத்தவனுங்க எந்த ஊருக்குப் போறானுங்களாம்?" என்றாள். பார்வைக்கு மட்டுமல்ல, செவிக்கும் இசைவில்லாத கடை என்று இன்னொரு வரி சேர்ந்துகொண்டது.

மனுவை விசாரிக்கக் கூட்டம் போட்டார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று பெயர். பொதுமக்களில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். எல்லாரும் அழகையாவைத் தள்ளிவிட்டோம். நாங்கள் வெளியே ஜன்னலோரம் நின்றோம்.

பெம்பர்டன் துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கப் பழகிய தமிழ். அவர் அழகையாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லீங்க தொர. கடைத்தெரு. லயம் வேணாம்னு சொல்ல வந்தேங்க."

"லயம் வேணாமா? ஏன் வேணாம்? லயம் நல்லது. மழை வராது, காத்து வராது. நான் எம்புட்டு லயம் கட்டியிருக்கேன் தெரியுமா?"

அழகையா திடுக்கிட்டுச் சிவஞானத்தைப் பார்த்தார். எல்லாருமே அவரைத்தான் பார்த்தோம். தலைவர் கதிரையை விட்டு எழுந்து கை கொடுத்தது எந்த லயத்துக்கு என்று அந்தக் கணத்தில் எங்களுக்கு விளங்கிவிட்டது. சிவஞானத்துக்கும் விளங்கிவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

"ஐயா, நீங்க சொல்லுங்க ஐயா," என்றார் அழகையா. "அது தாளத்துல வாற லயம்னு சொன்னீங்களே. காம்பரா கெடையாதுன்னு சொன்னீங்களே."

சிவஞானம் எழுந்தார். வாயைத் திறந்தார். தலைவர், என்ன என்று புருவத்தை உயர்த்தினார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், தலைவருக்குத் தமிழ் விளங்கவில்லை என்று ஆகும். அல்லது தன் தமிழ் யாருக்குமே விளங்கவில்லை என்று ஆகும். சிவஞானம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனுதாரர் சபைக்குத் தம் நன்றியைத் தெரிவிக்கிறார்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவரைத் திட்ட வேண்டும் போல எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் ஜன்னலோரம் நின்ற எங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு சபையில் பேசியவர்கள் எல்லாரும் நன்றாகப் பேசினார்கள். முதலில் என்ஜினியர். "இசைவு, இசைவு என்கிறோம். அதை நான் கைத்தடியால் அளந்து பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. லயத்தை அளக்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டு. அளக்க முடிவதே அழகு. தரத்தை உயர்த்தும்போது சிலர் அதற்குக் கீழே போய்விடுவார்கள். அது தரத்தின் குற்றம் அல்ல. அவர்கள் கீழே போகாவிட்டால் தரம் உயர்ந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?"

வியாபாரிகள் சார்பில் சபையில் இருந்தவர் பாலசுப்பிரமணியம் முதலாளி. அவருடைய கடை மாடிவைத்தது. "ஊருக்காக எந்தத் தியாகமும் செய்ய நாங்கள் தயார். மற்றக் கடைகள் எதோடு இசைய வேண்டும் என்று காட்ட ஒரு கடை அப்படியே நிற்க வேண்டும் என்பதால், என்னுடையதை மட்டும் விட்டுவிடலாம்." அவருடைய மனவுறுதியைச் சபை பாராட்டியது.

கடைசியாகத் தலைவர் ஆங்கிலத்தில் பேசினார். "தமிழ் வழிகாட்டியை வாசித்துக் காட்டியபோது எனக்கு ஒரு சொல்தான் விளங்கியது. அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் அடங்கிவிட்டது. என் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்களை லயங்களில் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்து ஆங்கிலத்தில் குறை சொன்னதில்லை. இப்போது கடைத்தெரு மக்களே லயத்தைப் பற்றி மனுக் கொடுத்திருக்கிறார்கள். நாம் கேட்காமலே இந்த யோசனை மக்களிடமிருந்து வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய வெற்றி ஒரு வழிகாட்டிக்கு உண்டா?"

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண் இருக்கக் கூடாது என்பதால், ஆங்கில வழிகாட்டியில் இசைவு என்ற சொல்லை எடுத்துவிட்டு லயம் என்று திருத்தினார்கள். கட்டட வரைபடத்தைத் தலைவர் தம் தோட்டத்திலிருந்து இலவசமாகவே கொடுத்தார்.

அழகையா வீட்டுக்கு வந்து திணறித் திணறிச் சொல்லி முடித்தார். இராக்கம்மா சண்டை போடவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொல்லிக் கட்டிக்கிட்டு வந்தப்பக்கூட எனக்குக் கோவம் வரலீங்க," என்றாள். "கட்டிக் குடுத்திட்டீங்கள்ல. இப்ப யாரு மேல கோவப்படுறதுன்னுதான் தெரியல."

மற்றக் கடைகளின் பலகைகள் ஒரு தள்ளுக்கு விழுந்தன. அழகையாவின் சுவர் மட்டும் விழவில்லை. கடப்பாரை வளைந்தது. கடைசியில் இரயில் பாதை போடுகிற இடத்திலிருந்து வெடிமருந்து கொண்டுவந்து தகர்த்தார்கள். ஊரில் இவ்வளவு தரமான சுவர் இருந்ததைத் தாம் எதிர்பார்க்கவில்லை என்று என்ஜினியர் தம் அறிக்கையில் மனம்விட்டுப் புகழ்ந்திருந்தார். தரத்தைக் கண்டால் பாராட்டத் தெரிந்த மனிதர். அந்தக் கற்களைக் கொண்டுதான் திறப்புவிழாக் கல்வெட்டுக்கு மேடை கட்டினார்கள்.

புதிய கடைத்தெரு எழுந்தது. நீளமாக ஒரே தகரக் கூரை, வெள்ளைச் சுண்ணாம்பு, முன்னால் திண்ணை போல நெடுக ஒரே இஸ்தோப்பு, கதவுகளில் வரிசையாக இலக்கம். ஒவ்வொரு காம்பராவிலும் முன்பாதி கடை, பின்பாதி வீடு. நடுச்சுவர் கூரைக்குப் போகாமல் பாதியில் நின்றது. காற்றும் ஒரே லயத்தில் வீச வேண்டும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். திறப்புவிழாவில் சிவஞானம் லயம் என்ற சொல்லின் பெருமையைப் பற்றி நீண்ட சொற்பொழிவு செய்தார். தாளத்திலிருந்து தொடங்கிக் காம்பராவில் கொண்டுவந்து முடித்தார். இரண்டும் ஒன்றுதான் என்றார். ஒரு தடவையும் அழகையா இருந்த பக்கம் திரும்பவில்லை.

கடைகள் திறப்பதும் ஒரே லயத்தில் இருக்க வேண்டும் என்று அடுத்த திருத்தம் வந்தது. தலைவர் தம் தோட்டத்திலிருந்து ஆட்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணியையும் தப்புப் பறை அடிப்பவனையும் அனுப்பினார். விடிந்ததும் தப்பு முழங்கும். நாங்கள் அவரவர் கதவுக்கு முன்னால் இஸ்தோப்பில் வந்து நிற்போம். தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவரவர் கதவைத் திறப்போம். முஹ்ஸினா உம்மா திரைக்குள்ளிருந்து வரமாட்டேன் என்றதால் அவருக்குப் பதில் திரையின் நுனியைத் தம்பி வெளியே நீட்டிக் காட்ட வேண்டும் என்று சபை பெருந்தன்மையோடு சலுகை கொடுத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். எங்களைக் கடந்து போனார்கள். கீழ்ச்சந்தி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அழகையாவிடம் வருடக்கணக்காகச் சாமான் வாங்குகிற ஒருவர் இஸ்தோப்புக்கு வெளியே நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, இது எந்தத் தோட்டம்? இங்கன ஒரு கடைத்தெரு இருந்துச்சே, பாத்தீங்களா?"

அழகையா சொல்லித்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அப்போதும் உள்ளே வரவில்லை. தெரியாத லயத்துக்குள் நுழைந்தால் கங்காணி கேட்பானே என்ற பயம். பலர் வேறு இடத்தில் சாமான் வாங்கப் பழகிக்கொண்டார்கள். மாடிவைத்த கடை ஒன்று அப்படியே நின்றதால் அது அவர்களுக்குக் கடையாகத் தெரிந்தது.

இரயில் வந்தது. வாழைமரம், தோரணம், மேளம். கொழும்பிலிருந்து பெரிய துரை ஒருவர் வந்து இறங்கினார். ஊர்முகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று பெம்பர்டன் துரை அவரைக் காரில் ஏற்றிக் கடைத்தெரு வழியாக அழைத்து வந்தார். நாங்கள் பெரட்டில் நின்றோம். கார் மெதுவாகப் போனது. பெரிய துரை எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, கூலி லயத்தை இப்படி ஊருக்கு நடுவில் கட்டியிருக்கிறீர்களே, பார்க்கச் சகிக்கவில்லை, மறைத்து வைக்கக்கூடாதா என்று கேட்டார்.

அந்த வாரமே நகரமுகச் சபை கூடியது. வழிகாட்டிக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. ஊரின் முகம் கண்ணுக்குத் தெரியாமல் இருத்தல் வேண்டும் என்று அதில் இருந்தது. கடைத்தெருவின் முன்னால் நெடுக மூங்கில் நட்டு அடைத்தார்கள். நன்றாக வளர்ந்திருக்கிறது. இப்போது எங்களுக்கு வெயிலும் வருவதில்லை, ஆட்களும் வருவதில்லை. பதுளைக்கு முகம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, மூங்கிலுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லலாம்.

அழகையாவின் காம்பராவுக்கு இந்தப் பக்கம் என்னுடையது, அந்தப் பக்கம் முஹ்ஸினா உம்மாவுடையது. அதனால் மிச்சத்தையும் நான் சொல்ல முடிகிறது. கேட்க வேண்டும் என்று கேட்டதல்ல.

லயத்துக்கு வந்த நாளிலிருந்து இராக்கம்மாவின் குரல் எனக்குக் கேட்டதே இல்லை. பாத்திரம் வைக்கும் சத்தம்கூட மெதுவாகத்தான் வரும். ஒரு நாள் மத்தியானம், வியாபாரம் இல்லாமல் எல்லாரும் உள்ளே முடங்கிக் கிடந்த நேரம். ஒரு சட்டி விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. கை தவறி விழுந்த சத்தமல்ல. தூக்கிப் போட்ட சத்தம்.

"கொழம்பக் கொட்டிட்டேன்," என்றார் அழகையா. வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார். "பூராவும் கொட்டிட்டேன். ஒனக்குக் கோவம் வரலியா?"

அவள் ஏதோ சொன்னாள். அவர் காதோரம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மூச்சுக்காற்று மட்டும்தான் கேட்டது.

"ஏன் புள்ள குசுகுசுன்னு பேசுறே? திட்டு. நல்லாத் திட்டு. பழையபடி திட்டு புள்ள." அவருடைய குரல் உடைந்தது. "ஒரே ஒருக்காத் திட்டு."

"சும்மா இருங்க," என்றாள் அவள். அதுதான் லயத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை. "கேக்கும்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து, பாதியில் நின்ற சுவருக்கு மேலாக, முஹ்ஸினா உம்மாவின் குரல் மிகவும் இதமாக வந்தது.

"நீங்க திட்டுங்க இராக்கம்மா. எனக்கு ஒன்னும் கேக்கல்ல."

அதற்குப் பிறகு இராக்கம்மா அவர் காதோரம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.